தோட்டம் கலைந்த பிறகு: கெடாவின் ஆலயங்களும் சங்கங்களும் இணையத்தில் இயங்குவது எப்படி?

கெடா, கோலா மூடா மாவட்டத்து முக்கிம்களில் ஒன்று சிடாம் கிரி. மலாயில் கிரி என்றால் இடப்பக்கம். வலப்பக்கத்துச் சிடாமான சிடாம் கானான், கூலிம் மாவட்டக் கணக்கில் வருகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது குழப்பம் தரலாம். இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ முக்கிம் பெயர் ஒரு பொருட்டே அல்ல. "எந்தத் தோட்டம்?" என்பதுதான் முதல் கேள்வி. ஹார்வர்ட், ஸ்கார்புரோ, துப்பா, பத்தானி பாரா என மாவட்டம் முழுக்கப் பரவியிருந்த அந்தப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் இன்னும் தாங்கி நிற்கின்றன.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தில் இருந்த குடும்பங்கள் சுங்கை பட்டாணித் தாமான்களுக்கும், பட்டர்வொர்த், பினாங்குத் தொழிற்பேட்டைகளுக்கும், சிங்கப்பூருக்கும் பிரிந்து போயின. ஆலயமும் பள்ளியும் பல இடங்களில் பழைய மண்ணிலேயே தங்கிவிட்டன. முன்பு உறுமி மேளச் சத்தம் எட்டும் தூரத்தில் இருந்த மக்களுக்கு இப்போது திருவிழாத் தேதியைச் சொல்ல வேண்டுமானால் கைப்பேசிதான் ஒரே வழி. ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மணிமன்றம், மரண சகாய சங்கம், முன்னாள் மாணவர் சங்கம் என எந்த இலாப நோக்கற்ற அமைப்பை எடுத்தாலும், அதன் உயிர் இன்று பாதி இணையத்தில் இருக்கிறது. அதை எப்படிக் கையாள்கிறார்கள், எங்கே வழுக்குகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் பதிவு

முகநூல் பக்கம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதனாலேயே பல குழுக்கள் பதிவுக்கு முன்பாகப் பக்கத்தைத் தொடங்கிவிடுகின்றன. பெயரும் சின்னமும் வந்துவிடும், நன்கொடை வேண்டுகோளும் வந்துவிடும், சங்கம் மட்டும் சட்டப்படி பிறந்திருக்காது.

நாட்டில் எல்லா அமைப்பும் ஒரே இடத்தில் பதிவாவதில்லை. ஆலய நிர்வாகங்களும் பொதுவான சங்கங்களும் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதிவாக வேண்டும். தொடங்குவதற்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் தேவை. இளைஞர் அமைப்புகளுக்கு 2007-ஆம் ஆண்டு இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டம் தனியாக உண்டு. விளையாட்டு மன்றங்கள் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கல்விச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அறவாரியம் நடத்த விரும்புவோர் நிறுவன ஆணையத்தில், பங்கு முதல் இல்லாத உத்தரவாத நிறுவனமாகவும் பதிந்துகொள்ளலாம். அந்த வழி செலவு கூடியது. கணக்காய்வுக் கட்டுப்பாடுகளும் கூடுதல்.

சங்கப் பதிவிலாகாவின் வேலைகள் இப்போது இ-ரோசஸ் எனும் இணைய முறைக்கு மாறிவிட்டன. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். புதிய செயலவையின் பட்டியல், கூட்டக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு எல்லாம் அதில் அடங்கும். முன்பு தாளில் நிரப்பி, அலோர் ஸ்டாருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவது வழக்கம். அந்தப் பயணம் மிச்சமானது உண்மைதான். ஆனால் தோட்டத்து ஆலயச் செயலாளர்கள் பலர் அறுபதைக் கடந்தவர்கள். மலாய் மொழித் திரையும், கோப்பை மின்வடிவில் மாற்றி ஏற்றும் வேலையும் அவர்களுக்குப் புதிது. மகனோ மருமகளோ வார இறுதியில் வந்து செய்து கொடுத்தால்தான் உண்டு. ஆண்டறிக்கை தொடர்ந்து போகாவிட்டால் அபராதம் வரலாம், பதிவே இரத்தாகலாம். பதிவு போனால் வங்கிக் கணக்கு முடங்கும். அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இந்திய சமுதாய மேம்பாட்டுக்கான மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்படுகிறது. அதன் விண்ணப்பமும் இணைய வழிதான், அங்கேயும் முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான்.

இளைஞர்கள் ஆலயத்துக்கு வருவதில்லை என்று குறைபடும் நிர்வாகங்கள், இ-ரோசஸ் வேலைக்கு ஓர் இளைஞரைத் துணைச் செயலாளராக்கினால் இரண்டு சிக்கலும் ஓரளவு தீரும்.

புலனக் குழு: அறிவிப்புப் பலகையா, அரட்டைத் திண்ணையா?

வாட்ஸ்அப் எனும் புலனம்தான் கெடாத் தமிழர் அமைப்புகளின் உண்மையான அலுவலகம். இணையத்தளம் வைத்திருக்கும் சங்கங்கள் குறைவு. வைத்திருந்தாலும் கடைசிப் பதிவு கும்பாபிஷேகப் படமாக இருக்கும், அதுவும் எந்த ஆண்டு என்று தேட வேண்டும். புலனக் குழுவோ தினமும் உயிரோடு இருக்கிறது. காலை வணக்கம், முருகன் படம், மரணச் செய்தி, இரத்ததானம், வேலை வாய்ப்பு, அரசியல் சண்டை எல்லாம் ஒரே இடத்தில்.

இதில் எள்ளி நகையாட ஒன்றுமில்லை. பழைய தோட்டக் குழுக்களில் மிக அதிகமாகப் பயன்படும் செய்தி எதுவென்று கேட்டால், அது மரணச் செய்திதான். யார் இறந்தார், எந்தத் தாமான், எத்தனை மணிக்கு இறுதிச் சடங்கு, எந்த மின்சுடலை என்ற நான்கு வரியும் ஒரு மணி நேரத்தில் ஜொகூர் வரை போய்ச் சேர்கிறது. லய வாசலில் ஒருவர் நின்று குரல் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் தெரிந்த காலத்தின் வேலையை அது செய்கிறது. மரண சகாய சங்கங்கள் சந்தா நினைவூட்டலையும் இதன் வழியே செய்கின்றன.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது, எழுத்து. மூத்தவர்கள் தமிழ் வாசிப்பார்கள், தட்டச்சு வராது. தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் தடுமாறுவார்கள். ஆகவே ரோமன் எழுத்தில் தமிழ், இடையில் மலாய், நடுவில் ஆங்கிலம் என்று ஒரு கலவை ஓடுகிறது. தமிழைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டு வந்ததில் மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலுக்கும் செல்லினத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த நாட்டில் இருந்துகொண்டு ஓர் ஆலய அறிவிப்பைத் தமிழ் எழுத்தில் அனுப்பத் தயங்குவது சற்று உறுத்தத்தான் செய்கிறது. நடைமுறையில் சிறப்பாக எடுபடுவது குரல்பதிவு. ஒரு நிமிடக் குரல்பதிவில் தலைவரே பேசினால் பாட்டி முதல் பேரன் வரை எல்லாருக்கும் புரியும். கூடவே தேதி, நேரம், இடம் மூன்றையும் தமிழிலும் மலாயிலும் எழுதி அனுப்பினால், பிறகு தேடி எடுக்கவும் முடியும். குரல்பதிவுக்குள் இருக்கும் தேதியை யாரும் தேடி எடுக்க முடியாது.

இரண்டாவது, அளவு. 2022 வரை ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு இருந்தது; இப்போது அது 1,024. ஆயிரம் பேர் பேசும் குழுவில் அறிவிப்பு மூழ்கிவிடும். நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடும்படி ஒரு குழுவை அமைத்து, அரட்டைக்கு வேறு குழு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பலருக்கு உதவியிருக்கிறது. பலருக்கும் ஒரே நேரத்தில் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலை நம்பியிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கத்தின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். "அனுப்பினோம், யாரும் வரவில்லை" என்ற புலம்பலுக்குச் சில வேளை இதுதான் காரணம்.

மூன்றாவது, பொய்ச் செய்தி. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்த முடியாது என்று 2019 சனவரியில் புலனம் உலகம் முழுக்கக் கட்டுப்பாடு போட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அப்படியும் இலவச உதவித்தொகை, காணாமல் போன பிள்ளை, ஆலயம் உடைப்பு என்று பழைய படங்கள் புது வேடத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. ஆலயம், சமயம் தொடர்பான செய்தி என்றால் பின்விளைவு வேறு மாதிரி. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு, புண்படுத்தும் அல்லது பொய்யான உள்ளடக்கத்தைத் தீய நோக்கோடு அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. சங்கத்தின் பெயரில் இருக்கும் குழுவில் அப்படி ஒன்று வந்தால், தலைவரும் செயலாளரும் காவல் நிலையத்துக்கு அலைய நேரிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புலனக் குழுவில் நாற்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினால் அது தீர்மானம் ஆகாது. சங்கத்தின் சட்டவிதியில் எப்படிக் கூட்டம் கூட்ட வேண்டும், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது பல சங்கங்கள் ஸூம் வழி கூடிப் பழகின. அந்தப் பழக்கத்தைத் தொடர விரும்பும் சங்கம், இணையவழிக் கூட்டத்துக்கு இடம் தரும் வகையில் சட்டவிதியைத் திருத்திப் பதிவிலாகாவின் ஒப்புதலைப் பெற்றுவிடுவது நல்லது.

உண்டியலும் கியூஆர் குறியீடும்

டூயிட்நாவ் கியூஆர் குறியீடு 2019-இல் நாட்டில் அறிமுகமானது. எந்த வங்கிச் செயலி, எந்த மின்பணப்பை வைத்திருந்தாலும் அந்த ஒரே குறியீட்டை வருடிப் பணம் செலுத்தலாம். பெருந்தொற்றுக்குப் பிறகு ஆலய முன்மண்டபத்தில் உண்டியலுக்குப் பக்கத்தில் இந்தக் குறியீடு இருப்பது இயல்பாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளை ஊர்த் திருவிழா உபயத்துக்குத் தன் மலேசிய வங்கிக் கணக்கிலிருந்து அந்தக் கணமே அனுப்ப முடிகிறது.

குறியீட்டின் பெரிய நன்மை வசதி அல்ல, கணக்கு. உண்டியல் பணத்தை நான்கு பேர் உட்கார்ந்து எண்ண வேண்டும். வங்கி அறிக்கையில் விழும் ஒவ்வொரு ரிங்கிட்டும் தேதியோடு நிற்கிறது. கணக்காய்வாளருக்கு வேலை எளிது, வாய்ச்சண்டைக்கும் இடம் குறைவு. ஆனால் இந்த நன்மை முழுதும் ஒரே ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: குறியீடு சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். "இப்போதைக்குப் பொருளாளரின் குறியீட்டை ஒட்டுவோம்" என்று தொடங்கும் ஏற்பாடுதான் பின்னாளில் சங்கத்தை இரண்டாக்குகிறது. பொருளாளர் நல்லவராக இருக்கலாம். அவர் திடீரென இறந்தால் அந்தப் பணம் சட்டப்படி அவரது சொத்தாகவே பார்க்கப்படும், சங்கம் அதைத் தன்னுடையது என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒட்டிய குறியீட்டின் மேல் வேறொரு குறியீட்டை ஒட்டிப் பணத்தைத் திசை திருப்புவதும் நடக்கக்கூடியதே. வாரம் ஒருமுறை யாராவது ஒரு ரிங்கிட் அனுப்பிப் பார்த்து, திரையில் சங்கத்தின் பெயர் வருகிறதா என்று சரிபார்த்தால் போதும்.

நன்கொடை கொடுப்பவர்களுக்கும் வழிகள் உள்ளன. மருத்துவச் செலவு, வீடு தீப்பிடித்தது என்று குழுக்களில் வரும் வேண்டுகோளில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்த்தால், அந்த எண்ணின் மீது மோசடிப் புகார் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய மையம் அது. பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்கு முன்பு கணக்கை முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. நேரில் வீடுவீடாகவோ தெருவிலோ வசூலிப்பதற்கு 1947-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு, உரிமம் வேண்டும். ரசீதுப் புத்தகத்தோடு கடைகடையாக ஏறி இறங்கும் இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

வருமான வரிக் கழிவைப் பற்றியும் தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. சங்கம் பதிவானது என்பதால் மட்டும் நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்காது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் தனியாக ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அப்போதும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடுதான் வரம்பு.

அடையாள அட்டை இல்லாதவர்களின் பட்டியல்

தொழில்நுட்பம் என்றதும் முகநூல் நேரலையும் டிக்டாக் காணொளியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் தோட்டத் தமிழர் வாழ்க்கையில் அது செய்த மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று, ஒரு பட்டியலைத் தயாரித்ததுதான்.

டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா, கிராமப்புற மனிதவள மேம்பாட்டுக்காக இயங்கும் அரசுசாரா அமைப்பு. ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தின் தொழில்நுட்ப ஆதரவோடு, 2014 முதல் மேற்கு மலேசியாவில் நாடற்றவர்களைக் கண்டறிந்து பதியும் திட்டத்தை அது நடத்தியது. தோட்டங்களிலும் தாமான்களிலும் முகாம் போட்டு, ஒவ்வொருவரின் பிறப்பு, பெற்றோர், கையில் உள்ள தாள், இல்லாத தாள் அனைத்தையும் கேட்டுத் தரவுத்தளத்தில் ஏற்றினர். பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சட்ட உதவியாளர்கள் அந்தக் கோப்புகளைத் தேசியப் பதிவிலாகா வரை பின்தொடர்ந்தனர். 2017-ஆம் ஆண்டில் ஆணையம் வெளியிட்ட உலகப் புள்ளிவிவரத்தில் மேற்கு மலேசியாவுக்குக் காட்டப்பட்ட நாடற்றோர் எண்ணிக்கை சுமார் 10,000. அந்த எண் வந்ததே இந்தப் பதிவுப் பணியின் வழியாகத்தான்.

அதற்கு முன்பு நிலைமை எப்படி? இந்தியர்களில் எத்தனை பேருக்கு அடையாள ஆவணம் இல்லை என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு இருந்தது. அரசியல் மேடையில் இலட்சங்களில் பேசப்பட்டது, அரசு தரப்பு மறுத்தது. 2011 பிப்ரவரியில் அரசாங்கம் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கத்தை நடத்தியது. அதிலும் பலர் விடுபட்டனர். பெயர், ஊர், பிறந்த இடம், தாயின் அடையாள அட்டை எண் என்று வரிவரியாக ஒரு பட்டியல் உருவானபோதுதான், விவாதம் எண்ணிக்கையிலிருந்து ஆளுக்கு மாறியது.

காரணங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சின்னச் சின்னத் தவறுகள். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதன்படி கோவிலில் தாலி கட்டினாலும் திருமணத்தைப் பதிய வேண்டும். தோட்டத்தில் பலருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணம் போக மனமில்லை. பெற்றோர் திருமணம் பதிவாகாதபோது பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்துவிடுகிறது. தாயிடம் சிவப்பு அடையாள அட்டை இருந்தால் பிள்ளைக்கும் சிக்கல். தாயிடம் எதுவுமே இல்லையென்றால் சிக்கல் அடுத்த தலைமுறைக்கும் போகும். தோட்டம் மாறியபோது தொலைந்த தாள், தகரப் பெட்டியில் கரையான் தின்ற தாள், வாய்மொழியாகத் தத்தெடுத்த பிள்ளை என்று கதைகள் வேறு வேறு. முடிவு ஒன்றுதான். பள்ளியில் சேரும்போது ஒரு தடை, வேலைக்குப் போகும்போது இன்னொரு தடை, வங்கிக் கணக்கு இல்லை. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட வேலைக்கு ஆடம்பரக் கருவி எதுவும் தேவையில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய ஆய்வு மையத்தில் உருவான கோபோ டூல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், இணையம் இல்லாத இடத்திலும் கைப்பேசியில் படிவத்தை நிரப்பிக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் மையத்துக்கு அனுப்பும். தொண்டூழியர்களுக்கு அரை நாள் பயிற்சி போதும். செம்பனைக்குள் அலைவரிசை இல்லாத இடங்கள் இன்னும் இருக்கும் கெடாவுக்கு இது பொருத்தமானது. 2021 இறுதியோடு நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டதால், பழைய கைப்பேசி வைத்திருக்கும் முதியவர்களின் இணைய வசதி பாதிக்கப்பட்டது என்பதையும் சங்கங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். முன்பு பெடி என்றும் இப்போது நாடி என்றும் அழைக்கப்படும் அரசாங்கத்தின் சமூக இணைய மையங்களில் கணினியும் இணைப்பும் கிடைக்கின்றன. தமிழர் அமைப்புகள் அவற்றை இன்னும் அதிகம் பயன்படுத்தலாம்.

பட்டியல் தயாரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடையாள அட்டையின் இருபக்கப் படத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் "குழுவில் அனுப்புங்கள்" என்று கேட்கும் வழக்கம் மிக ஆபத்தானது. அந்தப் படம் முந்நூறு கைப்பேசிகளில் இறங்கிவிடும். யாரோ ஒருவர் அதை வைத்துக் கைப்பேசி எண் வாங்கலாம், கடன் விண்ணப்பிக்கலாம். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனையை மையமாகக் கொண்டது என்பதால், தொண்டு அமைப்புகள் அது தங்களுக்கில்லை என்று நினைத்துக்கொள்கின்றன. சட்டம் எதுவாயினும், தாள் இல்லாத ஒருவர் தன் கதையை நம்பிச் சொல்லும்போது அந்தத் தகவல் ஒரு பூட்டிய கோப்பில், இரண்டு மூன்று பேர் மட்டும் பார்க்கும்படி இருக்க வேண்டும். நேரில் வாங்குவதே மேல்.

இடிந்த சண்டியும் எஞ்சிய படங்களும்

2013-ஆம் ஆண்டு இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து பகுதியில் இருந்த சண்டி 11 எனும் பழங்கோயில் எச்சம், வீடமைப்பு நிறுவனம் ஒன்று நிலத்தைச் சீர்ப்படுத்தியபோது இடிக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டதாகக் கருதப்பட்ட கட்டடம் அது. நிலம் தனியாருடையது, 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அந்த இடம் அரசிதழில் இடம்பெற்றிருக்கவில்லை. டத்தோ வி. நடராஜன் தலைமையிலான பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம் குரல் எழுப்பியது. இடிபாட்டுப் படங்கள் இணையத்தில் பரவின, நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது, எஞ்சிய தளங்களை அரசிதழில் பதிய வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

இணையத்தின் வலிமைக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. படம் பரவியது இடித்த பிறகு. 1930-களில் குவாரிச் வேல்ஸ் ஆராய்ந்து வரிசை எண்ணிட்ட தளங்கள் எவை, எந்தத் தோட்ட நிலத்தில், எந்த நிலையில் உள்ளன என்பது இடிப்பதற்கு முன்பே பொதுமக்கள் கைப்பேசியில் பார்க்கக்கூடிய வரைபடமாக இருந்திருந்தால், யாராவது ஒருவர் மண்வாரி இயந்திரத்தைப் பார்த்த அன்றே கேட்டிருக்கலாம்.

தோட்டத்து ஆலயங்களுக்கும் இதே கதைதான். நிலம் கைமாறியதும் ஆலயத்துக்கு எத்தனை வயது, யார் அனுமதியோடு கட்டப்பட்டது என்ற கேள்வி வரும். பதில் ஏதோ ஒரு பழைய திருவிழா நோட்டீஸிலோ, நிர்வாகி எழுதிய கடிதத்திலோ, ஒரு கிராணியார் வீட்டுப் புகைப்படத்திலோ இருக்கும். அதை யாரும் வருடிப் பாதுகாத்திருக்க மாட்டார்கள். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த அதே ஆண்டில் தோன்றியது தமிழ் மரபு அறக்கட்டளை. முனைவர் நா. கண்ணனும், பினாங்கில் பிறந்து ஜெர்மனியில் வாழும் முனைவர் க. சுபாஷிணியும் தொடங்கிய இந்த அமைப்பு, பழைய நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவாக்கி வருகிறது. இலங்கையில் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், மலையகத் தோட்டத் தமிழர்களின் சிற்றிதழ்கள், சங்க வெளியீடுகள், மலர்கள் வரை வருடி இலவசமாகத் தருகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. நம் ஊர் ஆலயங்களின் கும்பாபிஷேக மலர்களும் பள்ளிகளின் ஆண்டு மலர்களும் அப்படி ஓரிடத்தில் திரட்டப்படவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் கெடாவின் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிக் கிடைக்கும் தகவல்கள்கூடத் தன்னார்வலர் சிலரின் உழைப்பு.

வெள்ளைக் கொடி நாள்கள்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் கித்தா ஜாகா கித்தா என்ற பெயரில், உதவி தேவைப்படுவோரையும் உதவத் தயாராக இருக்கும் அமைப்புகளையும் இணைக்கும் பட்டியலைத் தொடங்கினார். 2021 சூன் இறுதியில் பசியால் வாடும் வீடுகள் வெள்ளைக் கொடி ஏற்றும் இயக்கம் சமூக ஊடகத்தில் பரவியது. இளம் மென்பொருள் வல்லுநர்கள் சில நாளிலேயே உணவு கிடைக்கும் இடங்களையும் தேவைப்படும் வீடுகளையும் வரைபடத்தில் காட்டும் செயலிகளை உருவாக்கினர்.

அந்த நாள்களில் அரிசி, பால்மாவு கொண்டு சேர்த்த தமிழர் இயக்கங்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து கிலோ அரிசிப் பையை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு தாய் தலைகுனிந்து நிற்கும் முகநூல் படங்களும் அப்போதுதான் பெருகின. நன்கொடையாளருக்குச் சான்று வேண்டும் என்பது சரி. பொருள்களின் படமும் ரசீதும் விநியோகக் கணக்கும் அதற்குப் போதும். அந்தத் தாயின் பிள்ளை நாளை பள்ளிக்குப் போக வேண்டும். இணையத்தில் போன படம் திரும்பி வராது.

சாவி யாரிடம்?

பதிவு பெற்ற அமைப்புகளுக்கு கூகல், கேன்வா போன்ற நிறுவனங்கள் தங்கள் சேவைகளை இலவசமாகத் தரும் திட்டங்கள் வைத்துள்ளன. சங்கத்தின் பெயரிலேயே மின்னஞ்சல், கோப்புகளுக்கு இடம், சுவரொட்டி வடிவமைக்கும் கருவி எல்லாம் கிடைக்கும். மலேசிய அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். இருந்தும் பெரும்பாலான சங்கங்கள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலிலும் தலைவரின் மகளுடைய முகநூல் கணக்கிலும்தான் ஓடுகின்றன.

தேர்தலில் அணி மாறும்போது இதன் விலை தெரியும். பழைய செயலாளர் மனத்தாங்கலோடு விலகுவார், கடவுச்சொல்லும் அவரோடு போகும். புது நிர்வாகம் அதே பெயரில் இன்னொரு முகநூல் பக்கம் திறக்கும். பத்தாண்டுத் திருவிழாப் படங்கள் பழைய பக்கத்தில் கிடக்க, பக்தர்கள் எது உண்மையான பக்கம் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நன்கொடை எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி.

ஆலய நகை, பாத்திரம், காசோலைப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கையெழுத்தோடு ஒப்படைக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதே தாளில் இன்னும் சில வரிகள் சேர்ந்தால் போதும்: சங்க மின்னஞ்சல், இ-ரோசஸ் நுழைவு விவரம், முகநூல் பக்கத்தின் நிர்வாகிகள் யார், கியூஆர் குறியீடு இணைந்துள்ள கணக்கு எது, உறுப்பினர் பட்டியல் எந்தக் கோப்பில் உள்ளது. கடவுச்சொல்லைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டியதில்லை. மூடிய உறையில் தலைவரிடமும் அறங்காவலர் ஒருவரிடமும் இருக்கலாம்.

புலனக் குழுவுக்கு ஒருவர் மட்டுமே நிர்வாகியாக இருப்பதும் இதே வகைதான். அந்த ஒருவர் குழுவை விட்டு விலகினால், உறுப்பினர்களில் யாரோ ஒருவரைப் புலனம் தானாகவே நிர்வாகியாக்கிவிடும். அவர் யாராகவும் இருக்கலாம். அந்த ஒருவர் இறந்துவிட்டால், 120 நாள் பயன்படாத கணக்கைப் புலனம் நீக்கிவிடும். சந்தா கட்டாத எண்ணைத் தொலைபேசி நிறுவனம் காலப்போக்கில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பழைய தோட்டக் குழுக்களில் நிர்வாகிகளாக இருப்போரில் பலர் எழுபது வயதை நெருங்கியவர்கள். இரண்டாவது நிர்வாகியைச் சேர்க்க மூன்று முறை திரையைத் தொட்டால் போதும்.